போட்டுக்கொள்ளாதவர்கள் பின்னிய லேஸ்

புதுக்கோட்டை கீழராஜவீதியில் தையல் சாமான் விற்கிற கடை எதற்குள் நுழைந்தாலும் லேஸ் இருக்கும். அட்டையில் சுற்றியது, கம்பியில் கோத்துத் தொங்கவிட்டது, மூலையில் சாக்கோடு கிடப்பது என்று பல தினுசு. ரவிக்கைக் கைக்கு, துப்பட்டா முனைக்கு, பாப்பா கவுனுக்கு, கொலுப்படித் துணியின் ஓரத்துக்குக்கூட வாங்கிப்போகிறார்கள். "இது மீட்டர் என்ன விலை தம்பி?" "பதினஞ்சுலேர்ந்து இருக்குக்கா, எந்தக் கலர் வேணும்?" இதற்குமேல் பேச்சு நீள்வதில்லை. சூரத்துப் பக்கத்து எந்திரம் ஒன்று நாளெல்லாம் கக்கித் தள்ளுகிற சரக்கு அது. யார் செய்தார்கள் என்று கேட்க அதில் ஒன்றுமில்லை.

இதே லேஸ் கையால் பிறந்த காலம் ஒன்று உண்டு. அதில் ஒரு கிளை நம் தெற்குக் கோடியில், நாகர்கோவிலிலும் இடையன்குடியிலும், இருநூறு ஆண்டுகளுக்கு முன்னால் வேர் பிடித்தது. அங்கே பின்னியது சென்னையிலும் சீமையிலும் துரைசானிமார்களின் கழுத்துக்கும் கைக்கும் போனது. அதன் மாதிரிகளில் பேர்பெற்ற ஒன்று, மத்தியதரைக் கடலின் நடுவே கிடக்கிற மால்டா என்ற குட்டித் தீவின் மாதிரி.

கையால் பின்னும் லேஸ் என்றதும் பலருக்குக் குரோஷே ஞாபகம் வரும். அது கொக்கி ஊசி ஒன்று, நூல் ஒன்று. எம்பிராய்டரிக்கு அடியில் துணி வேண்டும். இந்த லேஸுக்கோ அடித்துணியும் கிடையாது, கொக்கியும் கிடையாது. வைக்கோலோ மரத்தூளோ திணித்த உருளைத் திண்டு ஒன்று. அதன்மேல், சித்திரத்தைப் புள்ளி புள்ளியாய்க் குத்திய அட்டை. ஒவ்வொரு புள்ளியிலும் ஒரு குண்டூசி ஏறும். நூல் சுற்றிய சின்ன மரக்கட்டைகள் இரண்டிரண்டாய் ஜோடி கட்டித் தொங்கும். மெல்லிய விளிம்புக்கு இருபது கட்டை போதும், அகலமான சால்வைக்கு நூற்றுக்கு மேல் வேண்டியிருக்கும்.

கையில் ஒரு நேரத்தில் இருப்பது நாலே கட்டை. அசைவும் இரண்டே. நடுவில் உள்ள இரண்டில் இடதை வலதுக்கு மேலே போடுவது ஒன்று. ஒவ்வொரு ஜோடியிலும் வலதை இடதுக்கு மேலே போடுவது இன்னொன்று. இவ்வளவுதான் மொத்த வித்தையும். இந்த இரண்டையும் எந்த வரிசையில், எத்தனை தடவை என்று மாற்றி மாற்றிச் செய்வதில் துணி போன்ற அடர்த்தியும் வரும், வலை போன்ற கண்ணும் வரும், ஜடை போன்ற கயிறும் வரும். ஒரு சுற்று முடிந்ததும் ஊசி குத்த வேண்டும், இழுத்து இறுக்க வேண்டும், அடுத்த நாலைக் கையில் எடுக்க வேண்டும். கட்டைகள் ஒன்றோடொன்று மோதுகிற சத்தம் விடாமல் கேட்டுக்கொண்டிருக்கும்.

மால்டா மாதிரியில் கஷ்டமான இடம் அதன் இலை. அந்த ஊரார் அதைக் கோதுமை மணி என்பார்கள். நம் கண்ணுக்குக் கொஞ்சம் பருத்த நெல் மாதிரி இருக்கும். மூன்று நூல் அசையாமல் நிற்க, நாலாவது நூல் மேலும் கீழுமாய்ப் புகுந்து அவற்றை நெய்துகொண்டு போகும். நுனியில் ஒடுக்கம், நடுவில் அகலம், மறுபடி ஒடுக்கம் என்று உருவத்தைத் தருவது அந்த நாலாவது நூலை எவ்வளவு இழுக்கிறோம் என்பதுதான். அட்டையில் அதற்குக் குறி கிடையாது, ஊசியும் கிடையாது. கை அறிந்தால் உண்டு. நெய்து முடித்தபின் அந்த ஒற்றைக் கட்டை கைதவறி விழுந்தால் அதன் பாரத்திலேயே நூல் இழுபட்டு, இலை சுருங்கி முடிச்சாய்ப் போய்விடும். ஒரு விளிம்பில் உள்ள இலைகள் எல்லாம் ஒரே அளவில் இருந்தால் பின்னியவள் கைதேர்ந்தவள் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம்.

மால்டாவுக்கு இது சொந்தச் சரக்கு அல்ல. இத்தாலியக் கரையின் ஜெனோவாவில் இருந்து போனது. 1530 முதல் 1798 வரை அந்தத் தீவை ஆண்டது புனித யோவானின் போர்வீரத் துறவிகள் சபை. பிரபுக் குலத்து ஆண்கள் அவர்கள், உடையில் லேஸ் இல்லாமல் வெளியே வரமாட்டார்கள். கோவில் பலிபீட விரிப்புக்கும் குருமார் அங்கிக்கும் வேறு லேஸ் தேவைப்பட்டது. அந்த ஆட்சி போனதும் வாங்குகிற ஆள் போய்விட்டான். ஊர் வறுமையில் விழுந்தது. 1833இல் ஹாமில்டன் சிசெஸ்டர் சீமாட்டி என்ற ஆங்கிலேயப் பெண்மணி அந்தத் தீவின் பெண்களை மறுபடி பின்ன வைத்தார். பக்கத்துக் கோசோ தீவில் தியாகோனோ என்ற பாதிரியார் 1840களில் அதை ஏழைக் குடும்பங்களின் பிழைப்பாக்கினார். தேன் நிறத்து ஸ்பெயின் பட்டுநூல், கொத்துக் கொத்தாய்க் கோதுமை மணி, நடுவில் பழைய போர்வீரர்களின் எட்டுமுனைச் சிலுவை என்று அதற்கொரு தனி முகம் அமைந்தது.

கழுத்துப்பட்டி, சட்டைக் கைமுனை, தோளில் போடுகிற முக்கோணத் துண்டு, விரல் நுனி தெரிகிற கையுறை, குடை உறை. உடுப்புக்கு மேலே உடுப்பாய்ச் சேர்கிற இந்தச் சின்னச் சாமான்களில்தான் மால்டா லேஸ் நாகரிக உலகத்துக்குள் நுழைந்தது. ஒரு முழுக் கவுனை லேஸில் செய்ய மகாராணியால்தான் முடியும். ஒரு கழுத்துப்பட்டி என்றால் குமாஸ்தா பெண்டாட்டியும் ஆசைப்படலாம். பழைய கருப்புக் கவுனுக்குப் புதுக் கழுத்துப்பட்டி போட்டால் புது உடுப்பு ஆகிவிடும். விக்டோரியா மகாராணியே நீளக் கையுறை எட்டு டஜன் ஜோடி, குட்டைக் கையுறை எட்டு டஜன் ஜோடி, கூட ஒரு கழுத்துத் துண்டு என்று மால்டாவுக்கு ஆர்டர் கொடுத்ததாகச் சொல்வார்கள். மால்டாவின் தலைநகரான வலெட்டாவில் நூலகத்தின் எதிரே கல்லில் உட்கார்ந்திருக்கும் அவர் சிலைக்கும் மால்டா லேஸ் சால்வையைத்தான் சிற்பி போர்த்தியிருக்கிறார்.

1851இல் லண்டனில் நடந்த மாபெரும் பொருட்காட்சிக்குப் பிறகு அது காட்டுத்தீயாய்ப் பரவியது. இதற்கு அழகு மட்டும் காரணம் அல்ல. ஹீத்கோட் என்பவர் 1809 வாக்கில் வலை பின்னும் எந்திரத்தைச் செய்திருந்தார். நாட்டிங்ஹாம் ஆலைகள் நுண்ணிய வலைக் கண்ணுள்ள லேஸையெல்லாம் மலிவாய்க் கொட்டத் தொடங்கின. கையால் பின்னியவர்கள் வயிற்றில் அடி. மால்டா மாதிரியில் வலைத்தரை கிடையாது. ஜடைக் கயிறும் இலையுமாய்த் தடித்துத் தெரியும் அந்தப் பின்னலை எந்திரத்துக்கு உடனே காப்பியடிக்க வரவில்லை. கைக்கோ அது நுண்வலையைவிட வேகமாய் ஓடும். ஆகவே இங்கிலாந்தின் பெட்போர்டு வட்டாரமும் பிரான்சின் லெ புய் வட்டாரமும் தங்கள் பழைய சித்திரங்களைத் தூக்கிப் போட்டுவிட்டு மால்டாவுக்கு மாறின. எந்திரத்துக்குப் பிடிபடாமல் தப்பி ஓடுகிற கைவேலை கொஞ்ச காலம் நாகரிகமாய் இருக்கும் என்பது அன்றும் நடந்தது, இன்றும் நடக்கிறது.

இது எப்படி நம் ஊருக்கு வந்தது? லேஸ் பின்னும் தொழில் மால்டா மாதிரிக்கு முன்பே இங்கே வந்துவிட்டது. மாதிரி பிறகு வந்தது. இரண்டையும் ஒன்றாய்க் குழப்பிக்கொண்டுதான் பலரும் எழுதுகிறார்கள்.

தொழில் வந்த கதை நாகர்கோவிலில் தொடங்குகிறது. லண்டன் மிஷனரி சங்கத்தைச் சேர்ந்த சார்லஸ் மால்ட்டும் அவர் மனைவி மார்த்தாவும் 1819 டிசம்பரில் அங்கே வந்து சேர்ந்தார்கள். நாகர்கோவில் அன்று திருவிதாங்கூர் சமஸ்தானம். பெண்பிள்ளைகள் எழுத்துப் படிப்பது என்றால் ஊரே சிரித்த காலம். மார்த்தா ஒரு விடுதிப் பள்ளியை நடத்தினார். இன்றைய டதி பெண்கள் பள்ளியின் மூலம் அதுதான். 1821இல் அந்தப் பள்ளிப் பிள்ளைகளுக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுக்கத் தொடங்கினார். காலையில் எழுத்து, வேதபாடம். பிறகு திண்டும் கட்டையும். விற்ற பணத்தில் விடுதிச் சோறு நடந்தது. மிச்சத்தில் ஊர் ஊராய்ப் போய்ப் பெண்களுக்கு வாசிக்கக் கற்றுக்கொடுத்த வேதாகம ஸ்திரீகளுக்குச் சம்பளம் போனது.

விடுதிக்கு வந்த பிள்ளைகள் யார்? பெரும்பாலும் ஒடுக்கப்பட்ட சாதிகளின் பிள்ளைகள், அவர்களில் பலர் அடிமைக் குடும்பங்களில் பிறந்தவர்கள். அந்தக் காலத் திருவிதாங்கூரில் மனிதரை விற்கலாம், அடகு வைக்கலாம், குத்தகைக்கு விடலாம். அம்மா அடிமை என்றால் பிள்ளையும் அடிமை. பிரிட்டிஷ் இந்தியாவில் 1843இல் அடிமை முறைக்குச் சட்டத்தின் காவல் போனது, திருவிதாங்கூரில் 1855 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதற்கு முன்பே இந்த விடுதிப் பெண்கள் சிலர் லேஸ் பின்னிச் சேர்த்த காசை எசமானனிடம் கொடுத்துத் தங்களைத் தாங்களே மீட்டுக்கொண்டார்கள். மிஷன் வரலாற்றில் இதை மார்த்தா அம்மையாரின் கருணைக்குச் சான்றாக எழுதுவார்கள். கருணை இருந்தது, மறுக்கவில்லை. ஆனால் கருணை விலை கொடுக்கவில்லை. விலை கொடுத்தது நூல். இலை இலையாய்ப் பின்னி, கண்ணைக் கொடுத்து, அந்தப் பெண் தன் விலையைத் தானே கட்டினாள்.

இதே ஆண்டுகளில் அதே ஊரில் இன்னொரு கதை நடந்துகொண்டிருந்தது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் லேஸ் என்ற சாமானின் கனம் தெரியும்.

திருவிதாங்கூரில் நாடார் முதலான சாதிகளின் பெண்கள் மேலாடை போடக் கூடாது என்று வழக்கம் இருந்தது. ரெசிடெண்டாக இருந்த கர்னல் மன்றோ 1810களில் கிறிஸ்தவப் பெண்கள் குப்பாயம் போட்டுக்கொள்ளலாம் என்று உத்தரவு வாங்கிக் கொடுத்தார். கழுத்து மூடி, கை வைத்து, தொளதொளவென்று இருக்கும் சட்டை அது. அதை வெட்டித் தைத்துக் காட்டியதில் மார்த்தா மால்ட்டுக்கும் இன்னொரு மிஷனரியின் மனைவி ஜோன்னா மீட் அம்மையாருக்கும் பங்குண்டு. பெண்கள் அதோடு நிற்கவில்லை. மேல்சாதிப் பெண்களைப் போலக் குப்பாயத்துக்கு மேலே தோள்சீலையும் போட்டார்கள். 1822இல் கலகம் வெடித்தது. சந்தையிலும் வழியிலும் சீலைகளைக் கிழித்தார்கள். பள்ளிகளுக்குத் தீ வைத்தார்கள். 1829இல் ராணி கௌரி பார்வதி பாயின் அரசாணை வந்தது: குப்பாயம் போடலாம், தோள்சீலை கூடாது. 1858இல் மீண்டும் கலகம். சென்னை கவர்னர் சார்லஸ் டிரவெல்யன் அழுத்தம் கொடுத்தபின் 1859 ஜூலை 26இல் இன்னொரு அரசாணை வந்தது. மேல்சாதிப் பெண்கள் உடுத்துகிற அதே மாதிரியில் இல்லாமல் வேறு எப்படி வேண்டுமானாலும் மூடிக்கொள்ளலாம் என்றது அது.

1821இலிருந்து 1859 வரை முப்பத்தெட்டு ஆண்டு. அவ்வளவு காலமும் அந்த ஊர்ப் பெண்கள் திண்டுக்கு முன்னால் உட்கார்ந்து, வேறொருத்தியின் கழுத்தையும் மார்பையும் தோளையும் அழகாக்கப் பின்னிக்கொண்டிருந்தார்கள். அந்தக் காலத்து ஐரோப்பிய நாகரிகத்தில் லேஸ் அதிகம் விழுந்த இடமே தோளும் மார்பும்தான். தங்கள் தோளில் ஒரு முழத் துணி போட்டதற்காகச் சந்தையில் அடி வாங்கியவர்களின் சாதியிலிருந்து வந்த கைகள், கடல் தாண்டிய தோள்களுக்கு அலங்காரம் செய்து அனுப்பின. யார் லேஸ் அணியலாம், யார் அணியக் கூடாது என்று ஐரோப்பிய அரசர்களும் சட்டம் போட்டதுண்டு. அங்கே அது பவிசைக் காக்கிற சட்டம். இங்கே மானத்தை மறுக்கிற சட்டம்.

நாகர்கோவிலிலிருந்து திருநெல்வேலிச் சீமைக்கு லேஸ் போனது ஒரு கல்யாணத்தால். மால்ட் தம்பதியின் மகள் எலிசா நாகர்கோவில் மண்ணில் தமிழ் கேட்டே வளர்ந்தவர். 1844 மார்ச் மாதம் அவரை மணந்தவர் ராபர்ட் கால்டுவெல். திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை 1856இல் எழுதி வெளியிட்ட அதே கால்டுவெல்தான். 1841 கடைசியில் இடையன்குடிக்கு வந்து குடியேறியிருந்தார். திசையன்விளைக்குத் தெற்கே தேரியும் பனையுமாய்க் கிடந்த ஊர். பதநீர் இறங்குகிற மாதங்களில் வேலை, மற்ற மாதங்களில் பட்டினி. எலிசா வந்த அதே ஆண்டில் பெண்பிள்ளை விடுதியையும் லேஸையும் தொடங்கினார். கால்டுவெல் இலக்கணம் எழுதினார், முப்பத்து மூன்று ஆண்டு எடுத்துக் கோவில் கட்டினார், பிஷப் ஆனார். எல்லாம் புத்தகத்தில் ஏறிவிட்டது. மழை பொய்த்த ஆண்டில் இடையன்குடி வீடுகளில் அடுப்பெரியக் காரணமாய் இருந்த எலிசாவுக்கு அந்தப் புத்தகங்களில் அடிக்குறிப்பு அளவுக்குத்தான் இடம். ஒப்பிலக்கணத்தின் முதல் பதிப்பு இன்றும் நூலகங்களில் கிடைக்கும். அதே ஆண்டில் இடையன்குடியில் பின்னிய ஒரு கழுத்துப்பட்டியை யார் எடுத்து வைத்திருப்பார்கள்?

தேரிக்காட்டில் வெள்ளை லேஸ் பின்னுவது லேசுப்பட்ட காரியமில்லை. சிவப்பு மண் காற்றோடு வந்து எல்லாவற்றிலும் படியும். கை வேர்த்தால் நூல் மஞ்சளாகும். கடற்காற்றுக்கு இரும்பு ஊசி துருப்பிடித்து லேஸில் கறை விழும் என்பதால் பித்தளைக் குண்டூசிதான் வேண்டும். பின்னியதைத் துணியால் மூடி, வேலை நடக்கிற நாலு விரற்கடையை மட்டும் திறந்து வைத்துக்கொள்வார்கள். பின்னி முடிந்தால் சலவைக்குப் போகாமலேயே வெள்ளையாய் இருக்க வேண்டும். வாங்குகிறவர் கேட்பது அதைத்தான்.

மால்டா மாதிரி எப்போது வந்தது என்பதற்கு என்னிடம் ஒரு ஊகம் உண்டு. மால்ட் தம்பதி வந்த நாளில் கப்பல்கள் ஆப்பிரிக்காவைச் சுற்றிக்கொண்டு மாதக்கணக்கில் வரும். 1840களில் பி அண்ட் ஓ கம்பெனியின் நீராவிக் கப்பல்கள் ஓடத் தொடங்கின. சவுத்தாம்ப்டனில் ஏறினால் ஜிப்ரால்டர், மால்டா, அலெக்சாண்டிரியா. அங்கிருந்து தரைவழியாய் சூயஸ். மறுபடி கப்பல் ஏறினால் ஏடன், இலங்கையின் காலி, சென்னை, கல்கத்தா. ஆக, இந்த வழியாய் இந்தியாவுக்கு வருகிற துரைசானிகள் மால்டாவைத் தொட்டுத்தான் வர வேண்டியிருந்தது. அந்தத் தீவுக்கு வருகிற பெண்கள் எல்லாரும் லேஸ் கையுறை வாங்காமல் போவதில்லை என்று தாமஸ் மக்கில் என்பவர் 1839இலேயே எழுதிவைத்துவிட்டார். மால்டா லேஸைக் கழுத்தில் போட்டுக்கொண்டு சென்னையில் இறங்கியவர்கள், கிழிந்துபோனதும் அதே மாதிரி இங்கே கிடைக்குமா என்று கேட்டிருக்க மாட்டார்களா? ஏற்கனவே கட்டையும் திண்டும் பழகிய கைகளுக்கு ஒரு புது அட்டை குத்திக் கொடுத்தால் போதும். 1865இல் லேஸின் வரலாற்றை எழுதிய பெரி பாலிசர் அம்மையார், சென்னை ராஜதானியின் லேஸும் இலங்கை லேஸும் மால்டாவினதைப் போலவே இருப்பதாகக் குறித்திருக்கிறார்.

இலங்கை என்றால் காலி. அங்கே லேஸ் இன்னும் பழசு. போர்த்துக்கீசியர் காலத்திலேயே கரையோரத்துக்கு வந்துவிட்டது என்பார்கள். ஈழத் தமிழில் றேந்தை. காலித் துறைமுகத்தில் கப்பல் நிலக்கரி ஏற்றுகிற நேரத்தில் கரைக்கு இறங்கும் வெள்ளைக்காரப் பெண்களைச் சுற்றி லேஸ்காரர்கள் மொய்ப்பார்கள். பாதையின் அந்த முனையில் வலெட்டா, இந்த முனையில் காலி, இரண்டிலும் ஒரே சரக்கு, ஒரே வாடிக்கைக்காரர்கள். இடையில் நாகர்கோவிலும் இடையன்குடியும் துறைமுகம் இல்லாத ஊர்கள். அவர்களுக்குக் கடைத்தெரு தபால்தான். மிஷன் வீட்டு அம்மா சென்னையில் இருக்கிற சிநேகிதிக்கு எழுதுவார், அவர் ஊட்டியில் இருக்கிற தங்கைக்கு எழுதுவார். மாதிரித் துண்டு தபாலில் போகும், ஆர்டர் தபாலில் வரும்.

இந்த ஏற்பாட்டில்தான் ஒரு வினையும் இருந்தது. நூல் கொடுப்பது மிஷன், அட்டை மிஷனுடையது, விற்பதும் மிஷன். பின்னுகிறவளுக்குத் தெரிந்தது கூலி ஒன்றுதான். தான் பின்னிய கழுத்துப்பட்டி என்ன விலைக்குப் போனது என்றோ, அடுத்த ஆண்டு எந்த மாதிரி எடுபடும் என்றோ அவள் தெரிந்துகொள்ள வழி இல்லை. ஆந்திரத்தின் நரசாபூரில் குரோஷே லேஸ் இதே போல மிஷனில் பிறந்து, பிறகு வியாபாரிகள் கைக்குப் போனது. மரியா மீஸ் என்ற ஜெர்மானிய ஆய்வாளர் 1982இல் அதைப் பற்றி எழுதிய புத்தகம் பேர்பெற்றது. வீட்டில் உட்கார்ந்து பின்னுகிறாள் என்பதாலேயே அவளைத் தொழிலாளி என்று யாரும் எண்ணவில்லை, ஓய்வு நேரத்தில் ஏதோ செய்கிறாள் என்றே கணக்கில் விட்டார்கள், ஏற்றுமதி லாபம் ஆண்களிடம் சேர்ந்தது என்று காட்டினார். அந்தக் கணக்கை இங்கே அப்படியே ஒட்ட முடியாது. நாகர்கோவில் லேஸ் பணம் பள்ளிக்கூடமாய்த் திரும்பி வந்தது. ஆனால் தொழில் அவள் கையில் இருந்தும் வியாபாரம் அவள் கைக்கு வராமல் போனதன் பலனைப் பின்னால் பார்க்கிறோம்.

கத்தோலிக்கர் பக்கத்திலும் ஒரு லேஸ் உண்டு. தக்கலைக்குப் பக்கத்தில் முளகுமூட்டில் இருந்த அனாதை இல்லத்தைப் பார்த்துக்கொள்ள 1897 நவம்பரில் பெல்ஜியத்திலிருந்து மரி லூயி டி மீஸ்டர் என்ற கன்னியாஸ்திரி வந்தார். அவர் ஊர்ப்பக்கம் லேஸுக்கே தாய்வீடு. மடத்தில் பிள்ளைகளுக்கு அது கற்றுக்கொடுக்கப்பட்டு, பின்னியது பெல்ஜியத்துக்கே விற்கப் போனது. கொல்லன் தெருவில் ஊசி விற்பது என்பார்களே, அதைச் செய்து காட்டினார்கள்.

வெளியூர்த் தோள்களுக்குப் போன லேஸ் மெல்ல மெல்ல உள்ளூரிலும் இறங்கியது. முதலில் ஞானஸ்நானக் கவுன். பிறகு கல்யாணப் பெண்ணின் நெட் ஓரம், கைக்குட்டை விளிம்பு. பிறகு ரவிக்கை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்துக் குடும்பப் படங்களைப் பாருங்கள். படித்த வீட்டுப் பெண்கள் கழுத்து உயர்ந்த, கை நீண்ட ரவிக்கை போட்டிருப்பார்கள். கழுத்திலும் மணிக்கட்டிலும் ஒரு விரல் அகலத்துக்கு வெள்ளையாய் லேஸ் தெரியும். சேலை பட்டாக இருக்கும், நகை நம்முடையதாக இருக்கும், லேஸ் மட்டும் விக்டோரியா காலத்துத் துரைசானியை நினைவூட்டும். சாதி, மதம் பாராமல் அது எல்லா வீட்டுக்குள்ளும் போனது. ரவிக்கைக்கு லேஸ் வைப்பது கொஞ்சம் படித்தவள், கொஞ்சம் ஊர் பார்த்தவள் என்பதற்கு அடையாளம் ஆனது.

எங்கள் புதுக்கோட்டைக்கு ஐரோப்பிய நாகரிகம் இன்னொரு வழியாகவும் எட்டிப் பார்த்துவிட்டுப் போனது. புதுக்கோட்டை மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் 1915 ஆகஸ்டில் மெல்போர்னில் மோலி பிங்க் என்ற ஆஸ்திரேலியப் பெண்ணை மணந்தார். அந்த அம்மாள் உடுப்புக்குப் பேர்போனவர். பிற்காலத்தில் பேர்பெற்ற புகைப்படக்காரர் சிசில் பீட்டனே அவரைப் படமெடுத்தார். சில மாதங்கள்தான் இங்கே இருந்தார். பிரிட்டிஷ் அரசு அந்தத் திருமணத்தை ஏற்காததால் 1916இல் தம்பதி வெளியேறியது. அவரைப் பார்த்து இங்கே யாரும் நாகரிகம் கற்றுக்கொள்ளவில்லை. அதற்குள் உலகப் போர் வந்து லேஸ் காலத்தையே முடித்துக்கொண்டிருந்தது. பெண்கள் வேலைக்குப் போனார்கள், கவுன் குட்டையாயிற்று, கழுத்துப்பட்டியும் கையுறையும் குடை உறையும் பாட்டி பெட்டிக்குள் போயின. எந்திரமும் அதற்குள் மால்டா மாதிரியைப் பழகிவிட்டது.

1947க்குப் பின் வாங்கிக்கொண்டிருந்த துரைசானிமாரும் ஊருக்குக் கப்பலேறினார்கள். 1956இல் நாகர்கோவில் அன்றைய சென்னை மாநிலத்தோடு, அதாவது இன்றைய தமிழ்நாட்டோடு, சேர்ந்தது. தொழில் உடனே சாகவில்லை. திருச்சபையின் பொறுப்பில் நாகர்கோவில் பக்கம் எம்பிராய்டரியும் லேஸும் நெடுங்காலம் நடந்தன, சீமைக்குப் போய்க்கொண்டும் இருந்தன. ஆனால் வாடிக்கைக்காரரோடு கடிதம் எழுதிப் பழகியவர்கள் போனதும், பின்னத் தெரிந்தவர்களுக்கு விற்கத் தெரியவில்லை. அவர்கள் மகள்கள் படித்தார்கள், ஆசிரியர்களானார்கள், நர்ஸ் ஆனார்கள். அந்தப் படிப்புக்கு முதலீடு போட்டதே பாட்டி பின்னிய லேஸ்தான் என்பதால், இதை வீழ்ச்சி என்று சொல்லி ஒப்பாரி வைக்க எனக்கு மனம் வரவில்லை. அடிமை விலை கட்டியவளின் பேத்தி ஏன் திண்டுக்கு முன்னால் உட்கார வேண்டும்?

ஆனால் உட்கார விரும்புகிறவளுக்கு வழி இருக்கிறதா என்பது தனிக் கேள்வி. அதற்குக் கணக்குப் போட்டே பதில் சொல்லலாம். ஒரு கைக்குட்டையின் நாலு பக்கமும் சுற்ற ஒன்றேகால் மீட்டர் லேஸ் வேண்டும். நாளுக்கு ஒரு சாண் வீதம் பின்னினால் ஆறு நாள். நூறுநாள் வேலைத் திட்டத்தில் தமிழ்நாட்டுக்கு 2025-26இல் அறிவித்த தினக்கூலி 336 ரூபாய். அதையே கொடுத்தாலும் கூலி மட்டும் இரண்டாயிரத்துப் பதினாறு. நூல், அட்டை, ஊசி, கடைக்காரர் பங்கு எல்லாம் சேர்த்தால் கைக்குட்டை ஒன்று மூவாயிரத்தைத் தொடும். கோசோவில் வாசலில் உட்கார்ந்து பின்னுகிற பாட்டிமாரிடம் சுற்றுலாக்காரர்கள் அப்படிப்பட்ட விலை கொடுத்து வாங்கிப்போகிறார்கள். காலியிலும் கைலேஸ் வைத்த சட்டைக்குத் தனி விலை உண்டு. கன்னியாகுமரிக்கு ஆண்டு முழுக்க வருகிற கூட்டம் சிப்பி மாலையும் பனங்கற்கண்டும் வாங்கிக்கொண்டு, நாகர்கோவிலைப் பஸ்ஸில் தாண்டிப் போகிறது.